வீட்டிலிருந்து சேலை விற்பவர்களுக்கு இன்ஸ்டாகிராம்: ஆரம்பத்திலிருந்து

மதுரையில் வீட்டில் வைத்துச் சுங்குடிச் சேலை விற்கிறோம். துணியில் குட்டி முடிச்சுகள் போட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளிகள் வரவைப்பதுதான் சுங்குடி. கடை இல்லை, போர்டு இல்லை. ஆர்டர்களில் பெரும்பகுதி இன்ஸ்டாகிராமில் படம் பார்த்துவிட்டு வருபவைதான். இட்லிப் பொடி விற்கும் அக்கா, டெரகோட்டா நகை செய்யும் தங்கை என்று தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது "ஃபாலோவரை எப்படி ஏற்றுவது?" என்றுதான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். படத்தில் பார்த்த பொருளே பார்சலில் வந்தது என்று வாங்கியவர் சொன்னால், அவரே இன்னும் நாலு பேரைக் கூட்டி வருவார். இந்தப் பதிவு முழுக்க அதற்காகத்தான்.

1. கணக்கு

கணக்குத் தொடங்கத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். செட்டிங்ஸுக்குள் போய் அதைப் புரொஃபஷனல் கணக்காக மாற்றுங்கள். காசு கிடையாது. அதில் 'பிசினஸ்', 'கிரியேட்டர்' என்று இரண்டு கேட்கும், பிசினஸையே தேர்ந்தெடுங்கள். சினிமாப் பாட்டுகள் பல அதில் வராது என்று சிலர் தயங்குவார்கள். பொருள் விற்கும் வீடியோவுக்குச் சினிமாப் பாட்டைப் போட்டால் உரிமைச் சிக்கல் வரும், அதனால் அது வராமல் இருப்பதே நல்லது. உங்கள் குரலில் பேசுங்கள்.

பெயர் என்ற கட்டத்தில் கடைப் பெயரோடு 'மதுரை சுங்குடி' போல ஊரையும் பொருளையும் சேர்த்து எழுதுங்கள். தேடும்போது அந்தக் கட்டத்தில் இருக்கும் சொற்களும் பிடிபடும். பயோவுக்கு, அதாவது பெயருக்குக் கீழே வரும் அறிமுக வரிகளுக்கு, 150 எழுத்துதான் இடம். அதில் கவிதை வேண்டாம். என்ன விற்கிறீர்கள், எந்த ஊர், எப்படி ஆர்டர் செய்வது, அவ்வளவுதான். லிங்க் இடத்தில் வாட்ஸ்அப் லிங்க் கொடுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் 'ஷார்ட் லிங்க்' என்றே ஒன்று இருக்கிறது. அதைத் தட்டினால் "இந்தச் சேலை இருக்கிறதா? எண்:" என்று தானாக வந்து நிற்கிற மாதிரி எழுதியும் வைக்கலாம்.

2. படம்

என்னை ரொம்ப நாள் படுத்திய இடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

அரக்குச் சேலையைப் படம் எடுத்தால் ஃபோனில் சிவப்பாக வரும். சந்தன நிறம் அழுக்கு வெள்ளையாகத் தெரியும். இதில் ஃபோன் விலை குறைவு, கூடுதல் என்பதெல்லாம் இல்லை. திரை முழுக்க அடர்ந்த நிறம் இருந்தால், இடம் இருட்டாக இருக்கிறது என்று கேமரா நினைத்துக்கொண்டு வெளிச்சத்தை ஏற்றிவிடும். வெளிர் நிறம் நிறைந்திருந்தால் குறைத்துவிடும். ஒரே நிறம் நிறைந்திருக்கும்போது அது விளக்கின் நிறமா, துணியின் நிறமா என்றும் அதற்குத் தெரியாது. அதுவாக ஒரு கணக்குப் போட்டு நிறத்தை மாற்றிவைக்கும்.

இப்படிச் செய்யுங்கள். காலை வெயில் நேராக விழாத ஜன்னல் பக்கமோ திண்ணையோ பாருங்கள். வீட்டு விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் சேர்ந்தால் சேலையின் பாதி ஒரு நிறம், மீதி ஒரு நிறம். சுவரின் பச்சை, ரோஸ் பெயின்ட்கூடத் துணியில் ஏறும், ஆகவே பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுங்கள். சேலை ஓரத்தில் சாதாரண வெள்ளைத் தாள் ஒன்றை வையுங்கள். இப்போது திரையில் சேலைமேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ஃபோன்களில் ஒரு பூட்டுக் குறி வரும். பக்கத்தில் சூரியன் மாதிரி இருப்பதைக் கீழே இழுத்து, அடர்நிறச் சேலை என்றால் வெளிச்சத்தைக் குறையுங்கள். பிறகு எடுங்கள்.

எடிட் செய்ய ஸ்னாப்சீட் ஆப் போதும். இலவசம், விளம்பரம் தொல்லை இல்லை. அதில் நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸுக்குள் சொட்டு மருந்துக் குழாய் மாதிரி ஒரு குறி இருக்கும், அதை எடுத்து அந்த வெள்ளைத் தாளின்மேல் வைத்தால் நிறம் தன் இடத்துக்கு வந்துவிடும். பிறகு தாளை வெட்டி எடுத்துவிடலாம். ஃபில்டர் போடவே வேண்டாம், முகத்துக்குப் போடும் பியூட்டி மோட் இன்னும் மோசம், துணியின் இழையையே வழித்துவிடும். முடித்ததும் அதே ஜன்னலருகே சேலையையும் ஃபோனையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் போடுங்கள். கத்தரிப்பூ நிறம் மட்டும் என்ன செய்தாலும் நீலத்துக்கு ஓடும், அதை எழுத்திலேயே சொல்லிவிடுவதுதான் வழி.

ஒரு சேலைக்கு நான் போடுவது: முழுச் சேலை, முந்தி, கரை, உடுத்திய படம் ஒன்று, அப்புறம் மிக அருகில் ஒன்று. கடைசியாகச் சொன்னதுதான் விற்றுத் தருகிறது. கைமுடிச்சுச் சுங்குடியில் முடிச்சு அவிழ்ந்த இடம் குட்டிக் குட்டியாக எழும்பி நிற்கும், எந்தப் புள்ளியும் இன்னொன்றைப் போல அச்சாக இருக்காது. மெழுகு வைத்து அச்சடித்த சேலையில் புள்ளிகள் ஒரே சீராக இருக்கும், துணி வழவழவென்று படுத்திருக்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் எது கைமுடிச்சு, எது அச்சு என்று வாங்குபவருக்கு யாராவது காட்டினால்தானே தெரியும்? அச்சுச் சேலையும் விற்கலாம், அழகாகவே இருக்கும். ஆனால் அச்சு என்று எழுதி விற்கவேண்டும்.

3. எழுத்து

'விலைக்கு டிஎம் செய்யவும்', அதாவது தனியாக மெசேஜ் அனுப்பிக் கேளுங்கள் என்று எழுதாதீர்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம், கேட்பவர்களுக்கோ ஒவ்வொருவராகப் பதில் சொல்லியே உங்கள் பொழுது போகும். விலை, கூரியர் செலவு, நீளம், பிளவுஸ் துணி உண்டா, கஞ்சி போட்டதா, சாயம் போகுமா, முதல் தடவை தனியாக அலசவேண்டுமா, எல்லாம் அங்கேயே இருக்கட்டும். சேலைக்கு ஒரு எண் கொடுங்கள், 'அந்தப் பச்சைச் சேலை' என்று கேட்டு வருகிற குழப்பம் போய்விடும். கேப்ஷனில் போடும் லிங்க் தட்டினால் திறக்காது, ஆகவே 'லிங்க் பயோவில்' என்று எழுதுங்கள்.

நிறத்தின் பெயரை நம் வழக்கப்படியே எழுதுங்கள். கிளிப்பச்சை, மயில் கழுத்து, பாக்கு நிறம், எம்.எஸ். ப்ளூ என்றால் நம்மவர்களுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஹேஷ்டேக் மூன்று நான்கு போதும், ஊரும் பொருளும் அதில் இருக்கட்டும்.

4. ரீல்ஸ், ஸ்டோரி

புதியவர்கள் ரீல்ஸ் வழியாக வருவார்கள், ஏற்கெனவே தெரிந்தவர்கள் ஸ்டோரி பார்த்து வாங்குவார்கள். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்துக் காய்ந்த துணியை இருபுறமும் பிடித்து இழுக்கும்போது நூல் படபடவென்று அறுந்து புள்ளிகள் வெளியே வரும் பாருங்கள், அதை அந்தச் சத்தத்தோடே எடுத்துப் போட்டோம். வேறு எந்த ரீலும் அவ்வளவு பகிரப்பட்டதில்லை. உங்கள் தொழிலிலும் அப்படி ஒரு நொடி இருக்கும். முறுக்குப் பிழியும் கை, களிமண்ணில் வளையம் உருட்டுவது, எதுவானாலும். வேலை செய்பவரின் முகம் தெரிந்தால் மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள்.

ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும். வாங்கியவர்கள் அனுப்பும் படங்களை அவர்கள் சம்மதத்தோடு போட்டு, புரொஃபைலிலேயே நிற்கும் ஹைலைட்ஸில் சேர்த்துவையுங்கள்.

5. எண்ணிக்கை

பதிவு எப்படி ஓடியது என்று கணக்குக் காட்டும் இன்சைட்ஸில் லைக்கைப் பார்க்காதீர்கள். எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் அனுப்பினார்கள் என்று பாருங்கள். சேலையை ஒருவர் தன் அக்காவுக்கு அனுப்புகிறார் என்றால் வீட்டில் பேச்சு நடக்கிறது என்று அர்த்தம். ஃபாலோவர்களைக் காசுக்கு வாங்கவே கூடாது. காசு கொடுத்து பூஸ்ட் செய்வதையும், அதாவது பதிவை விளம்பரமாக ஓட்டுவதையும், ஏற்கெனவே தானாக நன்றாக ஓடிய பதிவுக்கு மட்டும் செய்யுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர் கேட்டவை. படத்தின்மேல் எழுதும் தலைப்பு புரொஃபைலில் பாதி வெட்டுப்படுகிறதே என்றார் ஒருவர். 2025-ல் புரொஃபைல் கட்டங்கள் சதுரத்திலிருந்து 3:4 உயரத்துக்கு மாறிவிட்டன, எழுத்தை நடுவில் வைத்தால் தப்பிக்கலாம்.

எடிட் சரியாகச் செய்தும் நிறம் வேறாகத் தெரிகிறது என்று வாங்குபவர்கள் சொல்வதாக இன்னொருவர் எழுதியிருந்தார். பல ஃபோன்களில் திரை 'விவிட்' என்ற அமைப்பில் இருக்கும், எல்லாமே பளீரென்று தெரியும். பணம் வாங்கும் முன் சேலையை வெளியே கொண்டுபோய் ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பிவிடுங்கள், எங்களுக்கு அதிலிருந்து சண்டையே வருவதில்லை.

அப்புறம் முக்கியமானது: பணம் அனுப்பிவிட்டேன் என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி பார்சல் கட்டாதீர்கள், போலியாகச் செய்வது சுலபம். வங்கிக் கணக்கில் வரவு வந்ததா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். 'உங்கள் கணக்கு காப்பிரைட் விதியை மீறிவிட்டது, இந்த லிங்கைத் தட்டுங்கள்' என்று டிஎம்மில் வந்தால் தொடவே வேண்டாம். பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இன்றைக்கே ஆன் செய்து, அது தரும் பேக்கப் எண்களைத் தாளில் எழுதிச் சேலைக் கணக்கு நோட்டுக்குள் வையுங்கள்.