நூஹ் நபியின் வரலாற்றைக் குர்ஆனில் தேடிப் படிப்பது எப்படி?

நூஹ் (அலை) என்றதும் நம்மில் பலருக்குக் கப்பலும் வெள்ளமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் வெள்ளத்துக்கு முன்னால் ஒரு நீண்ட காலம் இருக்கிறது. ஆயிரத்தில் ஐம்பது ஆண்டுகள் குறைய அவர் தம் மக்களிடையே இருந்தார் என்கிறது குர்ஆனின் 29:14 (29ஆவது சூரா, அதாவது அத்தியாயம், 14ஆவது வசனம்). அத்தனை காலமும் அவர் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்பதுதான் அவருடைய வாழ்க்கை. அதை விட்டுவிட்டுக் கப்பலுக்குத் தாவாதீர்கள்.

யூசுஃப் நபியின் வரலாற்றைப் போல இது ஒரே சூராவில் தொடர்ச்சியாக வராது, பல இடங்களில் பிரிந்து கிடக்கிறது. அதனால் முதலில் 71ஆவது சூராவை எடுங்கள். அவர் பெயரிலேயே உள்ள சூரா, 28 வசனங்கள்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். வெள்ளம் அதில் ஒரு வசனத்தில் வந்து போகும். மிச்சத்தில் பெரும்பகுதி அவர் அல்லாஹ்விடம் முறையிடுவது: இரவிலும் பகலிலும் அழைத்தேன், பகிரங்கமாகச் சொன்னேன், தனியாகக் கூப்பிட்டும் சொன்னேன், அவர்களோ காதில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு துணியால் தங்களை மூடிக்கொண்டார்கள் என்கிறார். 7ஆம் வசனத்தில் கொஞ்சம் நின்று அந்தக் காட்சியை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வத்து, சுவாஉ, யஃகூஸ், யஊக், நஸ்ர் என்று அவர்கள் விடமாட்டோம் என்று பிடித்துக்கொண்ட சிலைகளின் பெயர்கள் 23ஆம் வசனத்தில் இருக்கின்றன. முன்பு வாழ்ந்த நல்ல மனிதர்களின் பெயர்கள் இவை என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னது புகாரி ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் பதிவாகியிருக்கிறது, அதையும் சேர்த்துப் படித்தால் ஷிர்க் (அல்லாஹ்வுக்கு இணைவைப்பது) எப்படி மெல்ல நுழைகிறது என்பது பிடிபடும்.

அப்புறம் 26:105 முதல் 122 வரை. தாழ்ந்தவர்கள்தானே உன்னைப் பின்பற்றுகிறார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்க, ஈமான் (இறைநம்பிக்கை) கொண்டவர்களை விரட்ட மாட்டேன் என்று மறுத்துவிடுகிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சூரா ஹூதை (11:25-49) கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அவசரமே வேண்டாம். கப்பல் கட்டும்போது கேலி செய்தவர்கள், தண்ணீர் பொங்கிய அடுப்பு, கப்பல் போய்த் தங்கிய ஜூதி மலை எல்லாம் இங்கேதான். அதைவிட முக்கியம், மகன். மலை போன்ற அலைகளுக்கு நடுவே "என் அருமை மகனே, எங்களோடு ஏறிக்கொள்" என்று தந்தை கூப்பிடுகிறார், மலையில் ஏறித் தப்பித்துக்கொள்வேன் என்கிறான் மகன், பேச்சு முடிவதற்குள் இருவருக்கும் இடையே அலை வந்துவிடுகிறது. பிறகு மகனுக்காக அவர் கேட்கிறார், அவன் உம் குடும்பத்தைச் சேர்ந்தவன் அல்ல என்று பதில் வருகிறது, உடனே பணிந்து மன்னிப்புக் கேட்கிறார். நபியாக இருந்தும் பெற்ற பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. 66:10ஐப் பாருங்கள், மனைவியின் நிலையும் அதேதான்.

கப்பலின் நீளம் எவ்வளவு, என்ன மரம், மகன் பெயர் என்ன என்றெல்லாம் பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) கேட்டிருப்பீர்கள். குர்ஆன் அதையெல்லாம் சொல்லவில்லை, பலகைகளும் ஆணிகளும் என்பதோடு (54:13) நிறுத்திக்கொள்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடுங்கள்.

படித்து முடித்ததும் 71:28ஐ மனப்பாடம் செய்யுங்கள். தமக்கும், பெற்றோருக்கும், தம் வீட்டுக்குள் முஃமினாக (இறைநம்பிக்கையாளராக) நுழைந்தவருக்கும், முஃமினான ஆண்கள் பெண்கள் எல்லோருக்கும் அவர் பாவமன்னிப்புக் கேட்ட துஆ (பிரார்த்தனை) இது, தொழுகைக்குப் பிறகு நாமும் கேட்கலாம்.