கிரெனேடாவில் குடியேறுவோருக்கு: எந்த நாளில் எங்கே போகலாம்

செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கவோ கற்பிக்கவோ கரீபியன் கடலின் தீவு நாடான கிரெனேடாவுக்கு வரும் நம்மவர்கள், முதல் இரண்டு வாரங்களிலேயே தீவு முழுவதையும் பார்த்துவிடலாம் என்று எண்ணுவதுண்டு. கரியக்கூ, பெட்டிட் மார்ட்டினிக் ஆகிய தீவுகளைச் சேர்த்தாலும் நாட்டின் பரப்பு ஏறத்தாழ 344 சதுர கிலோமீட்டர்தான். சென்னை மாநகராட்சி இதைவிடப் பெரியது. ஆனால் இங்கே பல இடங்கள் குறிப்பிட்ட நாளிலும் பருவத்திலும் மட்டுமே உயிர்பெறுகின்றன என்பதால், எங்கே போவது என்பதைவிட எப்போது போவது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

சனிக்கிழமைக் காலையிலிருந்து தொடங்குங்கள். அன்றுதான் தலைநகரின் சந்தைச் சதுக்கத்துக்கு உழவர்கள் விளைபொருள்களோடு பெருமளவில் வருகிறார்கள். ஜாதிக்காய், ஜாதிபத்திரி, பட்டை, கிராம்பு, இஞ்சி எல்லாம் உள்ளூர் விளைச்சல். பச்சை மஞ்சளை இவ்வூரார் 'சாஃப்ரன்' என்று அழைக்கிறார்கள். குங்குமப்பூ மலிவாகக் கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்துவிட வேண்டாம். 'கலலூ' என்று கட்டி விற்பது நம் சேப்பங்கிழங்குச் செடியின் இலை. 'பிரெட்ஃப்ரூட்' என்பது சீமைப்பலா, ஈழத்தவர் ஈரப்பலா என்பது. ஆண்டின் தொடக்கத்தையொட்டி 'பிஜன் பீஸ்' என்ற பெயரில் குவிந்திருப்பது பச்சைத் துவரையேதான். எதை வாங்குவதாயினும் விலை கேட்பதற்கு முன் 'குட் மார்னிங்' சொல்ல வேண்டும். கடையானாலும் பேருந்தானாலும் வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவதை இங்கே மரியாதைக் குறைவாகவே கருதுகிறார்கள். இருட்டிய பின் ஓரிடத்துக்குள் நுழையும்போது 'குட் நைட்' என்பதும் வரவேற்புச் சொல்தான், விடைபெறும் சொல் அன்று.

இந்தச் சீமைப்பலாவையும் கலலூவையும் தேங்காய்ப்பாலிலும் மஞ்சளிலும், பால் முழுதும் சுண்டி எண்ணெய் பிரியும்வரை ஒரே பானையில் வேகவைப்பதுதான் நாட்டின் தேசிய உணவான 'ஆயில் டவுன்'. வாசனை நம் வீட்டுக் கூட்டை நினைவூட்டினாலும், உப்பிட்ட இறைச்சியோ மீனோ அதில் சேர்ப்பது வழக்கமாதலால், சைவ உணவு உண்போர் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாங்க வேண்டும். ராஸ்தஃபாரி என்னும் சமயத்தைச் சேர்ந்தோர் நடத்தும், பெரும்பாலும் இறைச்சி சேர்க்காத 'ஐட்டல்' உணவுக்கடைகள் சைவ உணவு உண்போருக்கு ஏற்றவை. ரொட்டிக்குள் கறியை மடித்துத் தருவதும் பரவலாக உண்டு. 1857 மே 1 அன்று மெய்ட்ஸ்டோன் என்ற கப்பலில் தொடங்கிய இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் வருகையின் தடம் இந்த உணவில் இன்றும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மேற்குக் கரையின் குயாவ் என்னும் மீனவர் ஊருக்கு உரியது. பகலிலேயே சென்றால், ஜாதிக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கும் நிலையத்தைப் பார்த்துவிடலாம். 2004 செப்டம்பரில் ஐவன் புயல் பெரும்பாலான ஜாதிக்காய் மரங்களைச் சாய்த்துவிட்டது. புதிய கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை அறிந்தவர்களுக்கு, தேசியக் கொடியிலேயே ஜாதிக்காயை வைத்திருக்கும் இந்நாட்டின் இழப்பு விளங்கும். மாலையில் அதே ஊரின் தெருக்களில் 'ஃபிஷ் ஃபிரைடே' தொடங்கி, அன்றன்று பிடித்த மீனைச் சுட்டும் பொரித்தும் விற்பார்கள். போகும்போது 5ஆம் எண் சிற்றுந்து கிடைக்கும். இரவில் திரும்புவதை நம்பிக்கைக்கு விட்டுவிடாமல் வண்டிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பகலிலும் சிற்றுந்துகள் அரிது. அன்று பல்கலைக்கழக வளாகம் அமைந்த ட்ரூ புளூவுக்கு அருகிலேயே உள்ள கிராண்ட் ஆன்ஸ் கடற்கரை போதும். உல்லாசக் கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் மட்டும் அங்கே கூட்டம் மிகும். நீச்சல் உடையோடு நகருக்குள் நடப்பதும், படைவீரர் சீருடை போன்ற புள்ளித் துணி அணிவதும் இங்கே சட்டப்படி தடை செய்யப்பட்டவை. ஊரிலிருந்து அத்தகைய கால்சட்டை கொண்டுவந்திருந்தால் பெட்டியிலேயே இருக்கட்டும். சில கடற்கரைகளில் சிறிய பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும் மான்சினீல் மரம் உண்டு. அதன் காய் நஞ்சு, பால் பட்டால் தோல் வெந்துவிடும். மழைக்குக்கூட அதனடியில் ஒதுங்கக் கூடாது.

மலைப்பக்கம் போவதற்கு ஜனவரி முதல் மே வரையிலான வறண்ட மாதங்களே சிறந்தவை. மழைக்காலத்தில் களிமண் பாதை காலை வாரிவிடும். எரிமலை வாயில் நீர் தேங்கி உருவான கிராண்ட் எடாங் ஏரிக்கு 6ஆம் எண் சிற்றுந்து செல்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மோனா குரங்குகள் அங்கே கையிலிருப்பதைப் பறிக்கக்கூடும்.

தலைநகரின் ஜார்ஜ் கோட்டைக்குச் செல்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 1983 அக்டோபர் 19 அன்று பிரதமர் மாரிஸ் பிஷப்பும் அவருடைய தோழர்களும் அங்கேதான் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆறு நாள்களில் அமெரிக்கப் படை இறங்கியது. அதைக் கண்டவர்கள் இன்னும் உங்கள் அண்டை வீடுகளில் வாழ்கிறார்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். நீங்களாக வழக்காட வேண்டாம்.

கரியக்கூ தீவுக்குப் படகில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் அத்தீவைச் சிதைத்ததால், தங்குமிடத்தை உறுதிசெய்த பிறகே கிளம்புங்கள். புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை நீடிக்கும். அந்த மாதங்களில் வீட்டில் குடிநீர், மின்கலம், சமைக்காமல் உண்ணக்கூடிய உணவு ஆகியவை சில நாள்களுக்குப் போதுமான அளவில் எப்போதும் இருக்க வேண்டும்.