கூட நிற்க வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

சாதிக் கொடுமைக்கு ஆளாகிறவர்களோடு கூட நிற்பதற்காக, அரூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் சிலர் கூடுவோம். இப்போது அதற்குப் புதுப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். பாதிப் பேர் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறவர்கள். கம்பெனிப் பயிற்சியில் நிறவெறி பற்றி ஒரு வகுப்பு நடந்திருக்கும், 2020இல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்ற வீடியோவைப் பார்த்துக் கொதித்திருப்பார்கள், அப்புறம் பொங்கலுக்கு வந்தபோது சொந்த ஊரில் காலனிக்காரர் டீயை எங்கே நின்று குடிக்கிறார் என்பதும் கண்ணில் பட்டிருக்கும். நல்லதுதான். பெரும்பாலும் என்னைப் போல ஊர்த்தெருவில் பிறந்தவர்கள். ஆனால் வந்த வேகத்தில் இவர்கள் செய்வதைப் பார்த்தால் நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த கூத்தேதான், ஒன்றுகூட மாறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாதி ஜோக் அடிக்காதே, "நீங்க என்ன ஆளுங்க" என்று கேட்காதே என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அது தெரியாதவர்கள் இதைப் படிக்கவும் மாட்டார்கள்.

யார் கெட்டவன் என்று தேடுவது

புதிதாக வருகிறவர்கள் முதலில் ஒரு வில்லனைத் தேடுகிறார்கள். டீக்கடைக்காரர், ஊர்க்கவுண்டர், யாராவது ஒருவர். அவரைத் திருத்தினால் ஊர் திருந்திவிடும் என்று நினைப்பு. அமெரிக்க நிறவெறி பற்றிப் படித்தவர்களே இப்படி நினைப்பதுதான் எனக்கு ஆச்சரியம். அங்கே 1930களில் அரசு அமைப்பு ஒன்று நகரங்களுக்கு வரைபடம் போட்டு, கறுப்பர்கள் இருந்த பகுதிகளுக்குச் சிவப்பு அடித்தது. வீட்டுக்கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று அர்த்தம். கடன் இல்லையென்றால் வீடு இல்லை, வீடு இல்லையென்றால் பிள்ளைக்கு விட்டுப்போக ஒன்றும் இல்லை. வீட்டு விஷயத்தில் பாகுபாடு கூடாது என்று 1968இல் சட்டம் வந்த பிறகும் அந்தச் சொத்து வித்தியாசம் அப்படியே நிற்கிறது. இதில் கெட்டவன் யார் என்று தேடினால் யார் சிக்குவார்?

நம்ம ஊரில் ஒரு நாள் சும்மா நடந்து பாருங்கள். மேல்நிலைத் தொட்டி எங்கே இருக்கிறது, பால் சொசைட்டி எங்கே, ரேஷன் கடை எங்கே, மழைக்காலத்தில் காலனிப் பிணம் எந்த வழியாகச் சுடுகாட்டுக்குப் போகிறது. எந்த நிலம் யார் பெயரில் என்று சொல்லும் 'அ' பதிவேடு கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும், அதைப் பாருங்கள். 1892க்குப் பிறகு தலித் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் உங்கள் ஊரில் இருந்ததா, இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் தாத்தா பெயரிலேயே இருக்கலாம். அப்படி இருந்தால் அங்கிருந்து ஆரம்பியுங்கள், டீக்கடைக்காரரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

2012 நவம்பர் 7ஆம் தேதி நம்ம தர்மபுரி மாவட்டத்திலேயே, நாயக்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். ஒரு காதல் கல்யாணத்தால் வந்த கோபம் என்றுதான் வெளியே எல்லாரும் சொல்வார்கள். எரிந்ததைப் பாருங்கள்: பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துக் கொண்டுவந்த காசில் கட்டிய வீடு, பீரோ, பைக், டிவி. உயிர்ச்சேதம் இல்லை. ஒரு தலைமுறையின் சேமிப்பு ஒரே சாயங்காலத்தில் போனது.

காலனியில் போய்ச் சாப்பிடுவது

சாப்பிடுங்கள். போட்டோ எடுக்காதீர்கள்.

மனுவை நீங்களே எழுதிக் கொடுப்பது

இதை நினைத்தால் இன்னமும் எனக்கு எரிச்சல் வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. வக்கீல்களுக்குப் பின்னால் கட்டைப்பையில் ஃபைல் தூக்கிக்கொண்டு தர்மபுரி கோர்ட்டு வராந்தாவில் நடந்தவள், அவ்வளவுதான். அந்த வராந்தாவில் வழக்குகள் எப்படிச் செத்துப் போகின்றன என்று பார்த்திருக்கிறேன். நிறைய வழக்கு எதிர்தரப்பு வக்கீலின் சாமர்த்தியத்தால் சாகவில்லை. முதல் நாள் ராத்திரி, நல்ல எண்ணத்தோடு, நம்ம ஆள் எழுதிய மனுவிலேயே செத்துவிட்டது.

ஒரு கிராமம், பெயர் வேண்டாம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் காலனிப் பையன் திருவிழாவுக்கு வந்தவன், மாரியம்மன் கோயில் தெரு வழியாகப் பைக்கில் போயிருக்கிறான். நிறுத்தி, சாவியைப் பிடுங்கி, கன்னத்தில் அறைந்து, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி, இறங்கித் தள்ளிக்கொண்டு போடா என்று அனுப்பியிருக்கிறார்கள். விஷயம் கேள்விப்பட்ட நம்ம கல்லூரிப் பிள்ளைகள் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு புகார் எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கி, ஸ்டேஷனில் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் நகலை என்னிடம் பெருமையாகக் காட்டினார்கள். சமூக நீதி மண், பெரியார், அம்பேத்கர், ஆதிக்க சாதி வெறி, எல்லாம் இருந்தது. தீப்பொறி பறக்கிற தமிழ். நடந்தது என்ன என்பதற்கு ஒரே வரி: "தகாத வார்த்தைகளால் திட்டித் தாக்கினர்."

என்ன வார்த்தை என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அதைப் போய் எப்படிக்கா எழுதறது, அசிங்கமா இருக்குது" என்றது ஒரு பெண். அந்தப் பையனுக்குச் சொல்வதில் கூச்சமே இல்லை. அவன் அந்த வார்த்தையைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன். கூச்சம் எழுதினவர்களுக்கு.

அதன் விலை என்ன தெரியுமா? ஆபாசமாகத் திட்டியது, அடித்தது என்று சாதாரணப் பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். விழுந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், நம்ம பக்கம் இன்னமும் 'பி.சி.ஆர். கேஸ்' என்று சொல்கிறார்களே, அது இல்லை. அது இருந்திருந்தால் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரித்திருக்க வேண்டும். முன்ஜாமீன் கிடையாது என்று 18ஆம் பிரிவு சொல்கிறது. ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவரையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், அது 15அ பிரிவு. நிவாரணத் தொகையின் முதல் தவணை எஃப்.ஐ.ஆர். போட்டதுமே வர வேண்டும். எல்லாம் ஒரு வரியில் போயிற்று. அடித்தவர்கள் அன்று சாயங்காலமே வீட்டில் இருந்தார்கள். பிற்பாடு போராடி, பையன் முழுசாக வாக்குமூலம் கொடுத்து, பிரிவுகளைச் சேர்க்க வைத்தோம். சரி, சேர்த்தாயிற்று. விசாரணையில் எதிர்தரப்பு வக்கீல் எழுந்து கேட்டது ஒன்றே ஒன்று: இவ்வளவு பெரிய விஷயம் முதல் புகாரில் ஏன் இல்லை, யார் சொல்லிக்கொடுத்தது?

சாதியைச் சொல்லி அவமதித்தார்கள் என்பது குற்றமாக வேண்டுமானால், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாமல் நடந்தால் அந்தப் பிரிவு நிற்காது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியும் இருக்கிறது. அந்தத் தெருவில் குழாயடியில் இரண்டு பெண்கள் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். பையன் அதைச் சொன்னான். மனுவில் இல்லை, பெரியாருக்கு இடம் விட்டதில் குழாயடிக்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

எப்படி எழுத வேண்டும் என்று கேட்டால், நீங்கள் எழுதவே வேண்டாம். அவரைச் சொல்ல விடுங்கள். அவர் வாயில் வருகிற தமிழே போதும். கூட உட்கார்ந்து கேள்வி மட்டும் கேளுங்கள்: எந்த இடம், எத்தனை மணி இருக்கும், யார் யார், எந்தக் கையால் எதைப் பிடித்தான், என்ன வார்த்தை சொன்னான், அது அப்படியே, எழுத்துக்கு எழுத்து. யார் பக்கத்தில் நின்றது. திட்டினவருக்கு உங்களை, உங்கள் அப்பாவை முன்னமே தெரியுமா? ஒரே ஊர், தெரியும் என்றால் அதை எழுதியே ஆகவேண்டும். குடும்பத்தைத் தெரிந்தவன் என்றால் சாதியும் தெரிந்தே செய்தான் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், மறுப்பதானால் அவன்தான் நிரூபிக்க வேண்டும். இரண்டு தரப்பின் சாதியையும் எழுதுங்கள். ஒரு நாள் தாமதமாகியிருந்தால் ஏன் என்று ஒரு வரி. முடிந்ததும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எழுதத் தெரியாதவர் ஸ்டேஷனில் வாயால் சொன்னாலே போதும். அதிகாரி எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று இந்தச் சட்டத்துக்கான விதிகளில் 5ஆம் விதி இருக்கிறது. எடுக்க மறுத்தால் அதே விதிப்படி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எஃப்.ஐ.ஆர். போடாமல், மனு வந்தது என்று மட்டும் சொல்லும் வெறும் சி.எஸ்.ஆர். சீட்டை வாங்கிக்கொண்டு வெற்றிப் புன்னகையோடு வெளியே வராதீர்கள்.

இன்னொன்று, இதைவிட மோசமானது. அந்தப் பையனிடம் கையெழுத்து வாங்கினார்களே தவிர, புகார் கொடுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. அவன் அம்மா வேலைக்குப் போவது அறைந்தவனின் சித்தப்பா தக்காளித் தோட்டத்துக்கு. அந்த வாரமே வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டார்கள், பால் சொசைட்டியில் அவர்கள் வீட்டுப் பாலில் தண்ணீர் என்று திருப்பி அனுப்பினார்கள். சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் இதே சட்டத்தில் குற்றம்தான், 2016இலிருந்து நடப்பில் இருக்கிறது, அதற்கும் தனியாகப் புகார் கொடுத்தோம். ஆனால் முன்னமே கேட்டிருந்தால் அந்த அம்மா நாலு நாள் பொறுக்கச் சொல்லியிருப்பார், கூலி பாக்கியை வாங்கிக்கொண்டு, மாட்டுக்கு ஒரு வழி பண்ணிவிட்டு, அப்புறம் கொடுத்திருப்பார்கள். வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். சொன்னால் பேனாவை மூடிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான்.

1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கோமரியில், பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானபோது, அந்த ஊர்க் கறுப்பினத் தலைவர் இ. டி. நிக்சனோடு ஜெயிலுக்குப் போய் அவரை வெளியே கொண்டுவந்தவர்களில் கிளிஃபர்ட் டர் என்ற வெள்ளைக்கார வக்கீலும் இருந்தார். அனுபவசாலி. ஆனால் பேருந்துப் பாகுபாட்டை எதிர்த்த வழக்கைப் போட்டது ஃபிரெட் கிரே என்ற இளம் கறுப்பின வக்கீல். டர் பின்னால் உட்கார்ந்து சட்ட யோசனை சொன்னார். அந்த வழக்கில் சேர்ந்த பெண்களில் ஒருவர் மிரட்டல் தாங்காமல் விலகி, நான் சம்மதிக்கவே இல்லை என்று சொன்னதும், சம்மதம் இல்லாமல் வழக்குப் போட்டதாகக் கிரே மேலேயே குற்றச்சாட்டு வந்தது. மிச்சமிருந்த நாலு பெண்கள் நின்றார்கள், 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வரை ஜெயித்தார்கள். கறுப்பின வக்கீல், முறையாகப் போட்ட வழக்கு, அதற்கே இந்தப் பாடு. கேட்காமல் கையெழுத்து வாங்கும் நம்ம கதி என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வீடியோ

புகார் பதிவாகும் வரை போனை வெளியே எடுக்காதீர்கள்.

சமாதானக் கூட்டத்தில் போய் உட்காருவது

தாசில்தார் அலுவலகத்தில் டீயும் பிஸ்கட்டும் வைத்துக் கூப்பிடுவார்கள். இரண்டு தரப்பையும் தெரிந்த படித்த பிள்ளை நீங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்பார்கள். கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும். வழி விடுவது, தண்ணீர் விடுவது, கோயிலைத் திறப்பது பற்றிய பேச்சு என்றால் போங்கள், அது தேவை. வழக்கை வாபஸ் வாங்கும் பேச்சு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தச் சட்டத்தின் குற்றங்கள் இரண்டு பேர் பேசிக் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை அல்ல. அங்கே எழுதும் ராஜிப் பேப்பர் ஒரு வேலைக்கு மட்டும் உதவும், நாளைக்குச் சாட்சியைப் பிறழ வைப்பதற்கு. அதில் கீழே உங்கள் பெயரும் இருக்கும்.

உங்கள் தெருவில் வாய் திறக்காதது

காலனியில் வாரா வாரம் கூட்டம் போட்டு அவர்களுக்கே சாதி என்றால் என்ன என்று விளக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தெரியும். உங்கள் பெரியப்பாவுக்குத்தான் தெரியாது.

இந்த வருடமே முடிந்துவிடும் என்று நினைப்பது

அரூரிலிருந்து சித்தேரி மலையடிவாரத்துக்குப் போனால் வாச்சாத்தி. 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊரில் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றது அரசு. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நின்று, 1995இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. தர்மபுரி நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள், மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வாச்சாத்திக்கே வந்து பார்த்துவிட்டு, 2023 செப்டம்பர் 29இல் தண்டனையை உறுதி செய்தார்.

இவ்வளவு வருடமும் அந்தப் பெண்கள் சொன்னதை மாற்றவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் செய்த வேலையில் பெரும்பகுதி பேப்பரில் வராத வேலை: வாய்தா தேதியை நினைவு வைப்பது, விடிகாலையில் பஸ் ஏற்றுவது, கோர்ட்டு வாசலில் சாப்பாடு.

மேடையில் பேச ஆசைப்பட்டு வண்டி ஓட்ட மறுப்பது

ரோசா பார்க்ஸ் கைதுக்குப் பிறகு மாண்ட்கோமரியில் 381 நாள் கறுப்பர்கள் பஸ் ஏறவில்லை. அவர்களை வேலைக்குக் கொண்டுபோய் விட்டவர்களில் ராபர்ட் கிரேட்ஸ் என்ற வெள்ளைக்காரப் பாதிரியாரும் ஒருவர், அதற்காக அவர் வீட்டுக்குக் குண்டு வைத்தார்கள். உங்களிடம் கார் இருந்தால் வாய்தா அன்றைக்குக் கொண்டுவாருங்கள். சாட்சிக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் பயணப்படியும், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தினப்படியும் அரசு தர வேண்டும், அதே வன்கொடுமைச் சட்ட விதிகளில் 11ஆம் விதி. பெண்ணோ அறுபது தாண்டியவரோ என்றால் கூட ஒரு ஆளை அழைத்துவரலாம், அவருக்கும் உண்டு. யாரும் தானாகக் கொடுக்க மாட்டார்கள். கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுதிக் கேட்க வேண்டும். இந்த மனுவை வேண்டுமானால் நீங்களே எழுதலாம்.