வால்பாறைக்கு வாரக்கடைசியில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். சமவெளியில் வண்டி ஓட்டிப் பழகிய நாம் உடனே ஒரு கணக்குப் போடுவோம்: ஒன்றரை மணி நேரம், நடுவில் ஒரு டீ. அந்தக் கணக்கோடு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கோவையிலிருந்து கிளம்பிய கூட்டத்தில் நானும் ஒருவன். ஆழியாற்றில் அணையைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றோம். குரங்கு அருவியில் இன்னொரு அரை மணி. அட்டகட்டி வந்தபோது வெயில் போய்விட்டது. கவர்க்கல்லில் மூடுபனி இறங்கியது. வண்டியின் முகப்பே கண்ணுக்குத் தெரியவில்லை. ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா பேச்சை நிறுத்தினார், அப்புறம் பாட்டை நிறுத்தச் சொன்னார், கடைசியில் எங்களையும் வாயை மூடச் சொன்னார். முன்னால் போன அரசுப் பேருந்தின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தோம். தேயிலை, பள்ளத்தாக்கு, வரையாடு என்று எதைப் பார்க்கக் கிளம்பினோமோ, அது அத்தனையும் இருட்டில் எங்களைக் கடந்து போயிருந்தது.

ஆழியாற்றுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். பொள்ளாச்சியிலிருந்து இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நியாயம். நின்று பார்த்துப் போனால் மூன்றைத் தாண்டும். டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், அதற்கு முன்பே பனி வந்துவிடும். ஆகவே வால்பாறைக்குத் திட்டம் போடும்போது கையில் எத்தனை நாள் இருக்கிறது என்பதைவிட எத்தனை மணி நேர வெளிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். நான் இப்போதெல்லாம் வெள்ளி இரவே பொள்ளாச்சியில் தங்கிவிடுகிறேன். விடிந்ததும் கிளம்பினால் சாலை காலியாக இருக்கும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. கீழே ஆழியாறு அணை விரித்துப்போட்ட துணி மாதிரி கிடக்கும். அந்தப் பகுதிப் பாறைகளில் வரையாடுகள் நிற்பதைக் காலையில் பார்க்கலாம். பத்து மணிக்கு மேல் அங்கே வண்டிகளும் செல்ஃபிக் கூட்டமும்தான்.

இ-பாஸ், அதாவது மலைக்கு வரும் வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, எடுக்காமல் வருவது அடுத்த தவறு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் வந்த இந்த ஏற்பாடு, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் வந்துவிட்டது. இணையத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் நின்று போனில் சிக்னல் தேடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும், பின்னால் வரிசையில் நிற்கும்போது கோபமாகவும் இருக்கும்.

வண்டி ஓட்டுவதில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஏறும்போது எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கிறோம். ஞாயிறு மதியம் இறங்கும்போது ‘பார்த்த சாலைதானே’ என்ற தைரியம் வந்துவிடுகிறது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்களும் உண்டு. அப்படி உருட்டினால் வண்டியின் வேகத்தை இன்ஜின் பிடித்துக்கொள்ளாது. பிரேக் மட்டுமே பிடிக்க வேண்டும். நாற்பது வளைவுக்கும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறி, கருகிய வாடை வரும். அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது பழைய ஓட்டுநர்கள் சொல்வது. இன்றைக்கும் அதுதான் சரி. வாடை வந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, அரை மணி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். வளைவில் பேருந்து திரும்பச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும். மேலேயோ கீழேயோ பேருந்து தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், நடு வளைவில் போய் முகத்துக்கு முகம் நிற்காதீர்கள். ஓட்ட நம்பிக்கை இல்லாதவர்களுக்கு என் யோசனை: பொள்ளாச்சியில் அரசுப் பேருந்து ஏறுங்கள். அந்த ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு வளைவும் அத்துப்படி. சன்னலோர இருக்கை கிடைத்தால் வேறென்ன வேண்டும்? வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏறாமல் இருந்தால் போதும். இருபதாவது வளைவுக்குள் அந்த பிரியாணி தன் கதையைச் சொல்லும்.

இனி நான் முக்கியமாக நினைக்கும் விஷயம். வால்பாறையை இன்னொரு ஊட்டியாக நினைத்து வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். இது தேயிலை வேலை நடக்கும் ஊர். 1890களில் தொடங்கிக் காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். இன்று சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலத்தில் தோட்டங்களும், நடுநடுவே திட்டுத்திட்டாக மிஞ்சிய மழைக்காடுகளும் இருக்கின்றன. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளக் காடுகளும். யானைகளுக்கு ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகத் தேயிலைக்குள் நடப்பதைத் தவிர வழியில்லை. அவை ஊருக்குள் வந்துவிட்டதாகச் சொல்கிறோம். அவற்றின் பாதையில்தான் ஊரே உட்கார்ந்திருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டு இங்கே செய்திருக்கும் ஒரு ஏற்பாட்டை, வருகிறவர்களில் பாதிப் பேர் கவனிப்பதே இல்லை. சில இடங்களில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பக்கத்தில் யானை இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற ஆய்வு அமைப்பு, வனத்துறையோடும் தோட்டங்களோடும் சேர்ந்து செய்தது இது. யானையைப் பார்த்த உள்ளூர்க்காரர் கைப்பேசியிலிருந்து அழைத்தே விளக்கை எரியவைக்கலாம். அந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தியும் போகும். வேலை முடிந்து இருட்டில் லைன் வீட்டுக்கு (தோட்டத்து வரிசைக் குடியிருப்புக்கு) நடந்து போகும் தொழிலாளர்களுக்காக வந்த விளக்கு அது. அதைப் பார்த்துவிட்டு ‘அட, யானையா? வா, போய்ப் பார்க்கலாம்’ என்று வண்டியைத் திருப்புகிறவர்களை என்னவென்று சொல்ல?

2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் இருசக்கர வண்டியில் வந்த ஜெர்மன் நாட்டுப் பயணி ஒருவர், யானை நின்றிருந்த இடத்தைக் கடக்கப் போய், அது தாக்கி இறந்தார். யானை சாலையில் நின்றால் செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம்: தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், இறங்காதீர்கள், உங்கள் வண்டி பின்வாங்க இடம் வைத்துக்கொள்ளுங்கள். அது போகிற நேரத்தில் போகும். உள்ளூர் ஜீப்காரர் எவ்வளவு நேரம் நிற்கிறாரோ அவ்வளவு நேரம் நீங்களும் நில்லுங்கள். அதேபோல, சாப்பிட்டுவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்குத் தேயிலைக்குள் ‘சும்மா ஒரு நடை’ வேண்டாம். சிறுத்தை நடமாட்டம் உள்ள இடம் இது. உள்ளூரில் குழந்தைகளை அந்தி சாய்ந்தால் வெளியே விடமாட்டார்கள். நம் குழந்தைகளுக்கும் அதுதான் சட்டம்.

ஊருக்குள் நுழையும் முன் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளைப் பார்க்கலாம். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போல ஒரு குஞ்சம். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் இனம். மரத்தை விட்டு இறங்கவே விரும்பாத இந்தக் குரங்கு, இங்கே சாலையில் உட்கார்ந்திருக்கிறது. நாம் நீட்டிய சிப்ஸும் வாழைப்பழமும் அதற்கு ஒரு காரணம். சாலைக்கு வந்த குரங்கு வண்டியில் அடிபடுகிறது. அவை மேலேயே கடந்து போகட்டும் என்று மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் தெரியும். பாலத்தின் கீழே நின்று பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் இருப்பது நாம் செய்யக்கூடிய சின்ன உதவி.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். கூழாங்கல் ஆற்றில் முழங்காலளவு தண்ணீர் சலசலத்து ஓடும்போது யாருக்கும் பயம் வராது. ஆனால் வால்பாறை ஆறுகளில் பாறைக்கு இடையே திடீரென்று ஆழமான குழிகள் உண்டு, பாறை மேல் பாசி உண்டு. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே சின்னக்கல்லாறு பக்கம் கொட்டிக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று அது. 2023 அக்டோபரில் கோவைப் பக்கமிருந்து சுற்றுலா வந்த 5 கல்லூரி மாணவர்கள் சோலையாறு எஸ்டேட் பகுதி ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். தெரியாத ஆற்றில் கணுக்காலுக்கு மேல் இறங்காதீர்கள். தண்ணீர் கலங்கி, இலை தழையோடு வரத் தொடங்கினால் துணிமணியைப் பொறுக்கிக்கொண்டிருக்காமல் கரையேறுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மழையில் வால்பாறை அழகு என்பது உண்மைதான், நானே போயிருக்கிறேன். ஆனால் அறிவிப்புகளைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். மரம் விழும், மண் சரியும், கரண்ட் போகும். அட்டை கடிக்கும். அட்டையைப் பிடித்து இழுக்காமல் கொஞ்சம் உப்பு வைத்தால் தானே விழும். தடிமனான ஸ்வெட்டர்களை அடுக்கிக்கொண்டு வருகிறவர்கள் குடையை மறந்துவிட்டு வருகிறார்கள். சுமார் 3,500 அடி உயரம்தான் இது. ஊட்டிக் குளிருக்குத் தேவையான துணி இங்கே தேவையில்லை. குடையும், வழுக்காத செருப்பும் இருந்தால் சமாளிக்கலாம்.

சனி ஞாயிறுக்குள் எல்லாவற்றையும் பார்க்க நினைப்பதைப் பற்றி. சோலையாறு அணை, நல்லமுடி பூஞ்சோலை, பாலாஜி கோயில், நீராறு, அப்படியே மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி என்று பட்டியல் போட்டு வருகிறார்கள். அதிரப்பள்ளி சுமார் 80 கிலோமீட்டர், பெரும்பகுதி அடர்காடு. கேரள வனத்துறைச் சாவடியில் நுழையும் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள், குறிப்பிட்ட நேரத்துக்குள் மறுபக்கம் போய்ச் சேர வேண்டும், மாலையில் விடவே மாட்டார்கள். பெட்ரோலை வால்பாறையிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். அது தனியாக ஒரு முழுநாள் பயணம். ஞாயிறு மதியத்துக்கு மேல் சேர்த்துக்கொள்ளும் வேலை அல்ல. இரண்டு நாளில் இரண்டு இடம் போதும். மிச்ச நேரம் தங்குமிடத்துத் திண்ணையில் டீ குடித்துக்கொண்டு உட்காருங்கள். இருவாச்சிப் பறவை பறந்தால் சிறகடிக்கும் சத்தம் ரயில் வருவது மாதிரி கேட்கும், அதைக் கேட்கக் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும்.

கைப்பேசி வரைபடம் குறுக்குவழி என்று காட்டும் பல பாதைகள் எஸ்டேட் சாலைகள். கேட் பூட்டியிருக்கும், அல்லது காவலாளி திருப்பி அனுப்புவார். அவரிடம் சண்டை போடாதீர்கள், அது தனியார் இடம். தேயிலைக்குள் இறங்கிப் படம் எடுக்கவும் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும்; கொழுந்து பறிக்கிறவர்களைப் படம் பிடிக்கும் முன் அவர்களிடமும் கேளுங்கள். கையில் ரொக்கம் கொஞ்சம் இருக்கட்டும், சிக்னல் இல்லாத இடத்தில் கியூஆர் கோடு சுவரில் ஒட்டிய படம்தான். தங்குமிடத்தைப் பதிவு செய்யும்போது எத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும், கடைசி இரண்டு கிலோமீட்டர் எப்படி இருக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘வாங்க சார், பார்த்துக்கலாம்’ என்பது பதில் அல்ல. ‘அஞ்சு மணிக்குள்ள வந்துருங்க, அதுக்கு மேல யானை ரோட்டுல நிக்கும்’ என்று ஒருவர் சொன்னார் பாருங்கள், அவரிடம்தான் நான் இப்போது ஒவ்வொரு முறையும் தங்குகிறேன்.