இன்சுலினைப் பின்தொடர்ந்து செல்லின் உறுப்புகளைப் புரிந்துகொள்வது எப்படி?

செல்லின் பாகங்களைப் படிக்கத் தொடங்கும் பெரும்பாலோர், இடப்பக்கம் பெயரும் வலப்பக்கம் பணியுமாக ஓர் அட்டவணை எழுதி அதை மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வுக்கு அது உதவலாம். ஆனால் கோல்கை உறுப்பு பழுதானால் எது தடைப்படும் என்று கேட்டால், அட்டவணையிலிருந்து விடை கிடைக்காது. ஏனெனில் ஓர் உறுப்பின் வேலை எங்கே முடிந்து அடுத்ததன் வேலை எங்கே தொடங்குகிறது என்பது அதில் இல்லை. எனவே செல் உருவாக்கும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது பிறக்கும் இடத்திலிருந்து வெளியேறும் இடம்வரை கூடவே செல்லுமாறு பரிந்துரைக்கிறேன். கணையத்தின் பீட்டா செல்கள் உருவாக்கும், இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலின் என்ற புரதம் இதற்கு மிகவும் ஏற்றது.

புறப்படுமுன் அளவை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பாடநூல் படங்களில் எல்லா உறுப்புகளும் ஏறத்தாழ ஒரே பருமனில் வரையப்படுவதால் தவறான எண்ணம் ஏற்பட்டுவிடுகிறது. 20 மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒரு செல்லைச் சுவரில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்கி வரைவதாகக் கொள்ளுங்கள். அப்போது உட்கரு சுமார் 30 சென்டிமீட்டர் இருக்கும். மைட்டோகாண்ட்ரியா விரல் பருமனில் இருக்கும். புரதத்தை உருவாக்கும் ரைபோசோம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வராத புள்ளியாகவும், செல்லையே சூழ்ந்திருக்கும் சவ்வு அரை மில்லிமீட்டர்கூடத் தடிப்பில்லாத கோடாகவும் அமையும். இந்தப் படத்தை ஒருமுறை தாளிலாவது சிறிதாக்கி வரைந்து பாருங்கள்.

இப்போது உட்கருவுக்குள் செல்வோம். மனிதச் செல் ஒன்றின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. இழைகளை நீட்டி ஒன்றோடொன்று இணைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். இன்சுலினுக்கான மரபணு அதில் 11ஆவது குரோமோசோமில் இருக்கிறது. மூலமான அந்த மரபணு உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. அதன் நகலான தூது ஆர்.என்.ஏ. மட்டுமே உட்கரு உறையிலுள்ள துளைகள் வழியாக, உட்கருவைச் சூழ்ந்துள்ள சைட்டோபிளாசத்துக்கு வருகிறது. உட்கரு செல்லைக் கட்டுப்படுத்துகிறது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதைவிட, எந்த மரபணுவுக்கு எப்போது நகல் எடுப்பது என்பதன் மூலமே அந்தக் கட்டுப்பாடு பெருமளவு நிகழ்கிறது என்று புரிந்துகொள்வது பயனுள்ளது.

வெளியே வந்த நகலை ரைபோசோம் படித்து அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்குகிறது. இங்கேதான் பலர் ஒரு செய்தியைத் தவறவிடுகிறார்கள். சவ்வுகளால் ஆன பின்னலான எண்டோபிளாச வலையில் ஒட்டியிருக்கும் ரைபோசோம்களும் சைட்டோபிளாசத்தில் தனியாக இருக்கும் ரைபோசோம்களும் இரண்டு வகை அல்ல. அவை உருவாக்கும் புரதம்தான் வேறு. இன்சுலினின் முன்வடிவம் 110 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. அதன் முதல் 24 அமினோ அமிலங்கள் முகவரிச் சீட்டாகச் செயல்பட்டு, ரைபோசோமை வலையின் சவ்வுக்கு இழுத்துச் செல்கின்றன. புரதங்கள் தம் முகவரியைத் தம்மிடமே கொண்டுள்ளன என்பதைக் கண்டறிந்ததற்காகவே குண்டர் புளோபலுக்கு 1999ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. சங்கிலி வலைக்குள் நுழைந்ததும் அந்த முகவரிப் பகுதி வெட்டப்படுகிறது. மீதமுள்ள 86 அமினோ அமிலங்கள் மடிந்து, கந்தகப் பிணைப்புகள் மூன்றால் இறுகுகின்றன. ரைபோசோம் ஒட்டாத வழவழப்பான வலைப் பகுதிக்கு இந்தப் பயணத்தில் பங்கில்லை. அது கொழுப்புப் பொருள்களை உருவாக்குவதிலும், கல்லீரலில் நச்சை முறிப்பதிலும் ஈடுபடுகிறது.

வலையிலிருந்து சிறு பைகளில் ஏறிக் கோல்கை உறுப்பை அடையும் புரதங்கள், அதன் அடுக்குகளைக் கடந்து, எங்கே போக வேண்டும் என்பதற்கேற்பப் பிரிக்கப்படுகின்றன. இன்சுலின் சுரப்புத் துகள்களில் அடைக்கப்பட்டு, அங்கே நடுப்பகுதி வெட்டப்பட்டு, 51 அமினோ அமிலங்களுடன் முழுமை பெறுகிறது. இந்தத் துகள்கள் மிதந்து செல்வதில்லை. நுண்குழல்கள் எனும் புரதத் தண்டவாளங்களின் மீது நகர்த்தப்படுகின்றன.

ஆனால் இன்சுலின் எப்போது வெளியேற வேண்டும்? இதற்கு மைட்டோகாண்ட்ரியாவிடம் செல்ல வேண்டும். இரத்தத்தில் குளுக்கோஸ் கூடும்போது பீட்டா செல்லின் மைட்டோகாண்ட்ரியா, செல் செலவிடும் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைக் கூடுதலாக உருவாக்குகிறது. அந்த ஏ.டி.பி. செல் சவ்விலுள்ள பொட்டாசியம் வாயில்களை மூடச் செய்கிறது. அதனால் ஏற்படும் மின்னழுத்த மாற்றம் கால்சியம் வாயில்களைத் திறக்கிறது. உள்ளே பாயும் கால்சியத்தின் தூண்டுதலால் துகள்கள் சவ்வோடு இணைந்து இன்சுலினை வெளியே விடுகின்றன. மைட்டோகாண்ட்ரியாவைச் செல்லின் ஆற்றல் நிலையம் என்று மட்டும் எழுதி முடித்தவருக்கு இந்த அழகு தெரியாமலே போய்விடும். அது ஆற்றலைத் தருவதோடு, உணவு வந்துவிட்டது என்ற செய்தியையும் தருகிறது. செல் சவ்வும் வெறும் வேலி அன்று என்பது இங்கேயே விளங்கும்.

இன்சுலினின் பாதையில் நாம் சந்திக்காத ஓர் உறுப்பும் உண்டு: பழுதடைந்த பாகங்களையும் உள்ளே வந்த பொருள்களையும் சிதைக்கும் லைசோசோம். அதன் உட்புறம் அமிலத்தன்மையுடன், பி.எச். அளவு 5 அருகே இருப்பதால், அதன் நொதிகள் அங்கே நன்றாகச் செயல்படுகின்றன. ஒரே ஒரு நொதி குறைந்தாலும் சிதைபடாத கொழுப்பு நரம்புச் செல்களில் தேங்கி, டே-சாக்ஸ் போன்ற கொடிய நோய் உண்டாகிறது.

தாவரச் செல்லுக்கு வரும்போது செல் சுவர், பசுங்கணிகம், பெரிய நுண்குமிழ் ஆகிய மூன்றைச் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். பசுங்கணிகம் இருப்பதால் தாவரத்துக்கு மைட்டோகாண்ட்ரியா தேவையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். தாவரச் செல்லிலும் அது உண்டு. பசுங்கணிகம் சர்க்கரையை உருவாக்குகிறது, அதை எரித்து ஏ.டி.பி. ஆக்க மைட்டோகாண்ட்ரியா வேண்டும்.

கற்றதைச் சோதிக்க, ஒரு செல்லின் வேலையைச் சொல்லி அதில் எந்த உறுப்பு மிகுந்திருக்கும் என்று ஊகித்துப் பாருங்கள். இடைவிடாது சுருங்கும் இதயத் தசையில் மைட்டோகாண்ட்ரியா நிறைந்திருக்கும். எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் செல்லில் ரைபோசோம் ஒட்டிய வலை விரிந்திருக்கும். மனிதனின் முதிர்ந்த இரத்தச் சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. ஆகவே அது பகுப்படைவதில்லை, சுமார் 120 நாள்களில் அழிந்துவிடுகிறது.

அடுத்து, இன்சுலினுக்கு வரைந்த அதே படத்தில் வேறு வண்ணங்களில் இரண்டு பாதைகளை வரையுங்கள். ஒன்று, சிவப்பணுவின் முன்னோடிச் செல்லிலேயே தங்கிவிடும் ஹீமோகுளோபினுக்கு. அது தனித்த ரைபோசோமிலேயே உருவாகி, வலைக்குள் நுழைவதே இல்லை. மற்றொன்று, லைசோசோமின் நொதிக்கு. அது கோல்கைவரை இன்சுலினைப் போலவே சென்று, அங்கே பிரிந்துவிடுகிறது.