மனசு இறுகும்போது கழுத்தும் இறுகுகிறதா? கண்டுபிடித்துத் தளர்த்தும் வழி

ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் சரி, ஆனால் கழுத்துவலி மட்டும் போகவில்லை என்றால், பக்கத்தில் இருப்பவர்கள் "எல்லாம் உன் நினைப்புதான்" என்று சொல்லிவிடுவார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மன அழுத்தத்தால் வரும் வலியும் நிஜ வலிதான். வலி என்பதே உடல் உணர்வும் மன உணர்ச்சியும் கலந்த அனுபவம் என்றுதான் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் புதுப்பித்த வரையறையும் சொல்கிறது.

பயமோ கோபமோ வந்ததும் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது. அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன, தசைகள் இறுகுகின்றன. ஆபத்து விலகினால் அவை தளர்ந்துவிடும், ஆனால் கடனும் குடும்பச் சண்டையும் வேலை பறிபோகுமோ என்ற கவலையும் அப்படிச் சீக்கிரம் விலகுவதில்லையே. தோளும் தாடையும் மணிக்கணக்கில் இறுகியே கிடக்கின்றன, தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டால் அதே வலி மறுநாள் இன்னும் கடுமையாகத் தெரிகிறது.

எதையும் தொடங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி, திடீரென்று வந்த கடுமையான தலைவலி, கை கால் பலவீனம், முதுகுவலியோடு சிறுநீர் அடக்க முடியாமல் போவது, இதெல்லாம் வந்தால் மன அழுத்தம் என்று நீங்களே முடிவுகட்டாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

அப்புறம் ஒரு நோட்டு. இரண்டு வாரத்துக்கு, வலி வரும்போதெல்லாம் நேரம், இடம், பத்துக்கு எவ்வளவு வலி, அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் யாரோடு பேசினீர்கள், எதை நினைத்துக்கொண்டிருந்தீர்கள், முந்தைய இரவு எப்படித் தூங்கினீர்கள் என்று எழுதுங்கள். "மாலை 6, வலது தோள், 7, மேலாளர் போன் செய்தார்" என்ற அளவில் இருந்தால் போதும். ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே பேச்சு திரும்பத் திரும்ப வந்தால் பிடி கிடைத்துவிட்டது. எதுவும் சேர்ந்து வரவில்லையா, அதுவும் பயனுள்ள தகவல்தான், மருத்துவர் வேறு பக்கம் தேட உதவும்.

இதைப் படிக்கும்போது உங்கள் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டியிருக்கின்றனவா? சும்மா இருக்கும்போது உதடு மூடியிருந்தாலும் பற்களுக்கு நடுவே சிறு இடைவெளி இருக்க வேண்டும். தோள் காதுப் பக்கம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நோட்டில் தெரிந்த அந்த நேரங்களில் இந்த இரண்டையும் சோதிப்பதுதான் என் கணக்கில் மிக முக்கியமான பழக்கம், ஏனென்றால் இறுக்கம் வலியாக மாறுவதற்கு முன்பே கையில் சிக்கும்.

இறுகியிருந்தால் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சி உதவும். தோளை வேண்டுமென்றே தூக்கி 5 விநாடி இறுக்கிப் பிடியுங்கள், வலிக்கும் அளவுக்கு வேண்டாம். சட்டென்று விட்டுவிட்டு, தளர்வது எப்படி இருக்கிறது என்று 20 விநாடி கவனியுங்கள். பிறகு கை, நெற்றி, வயிறு, கால். கூடவே மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள்.

வலிக்கிறதே என்று படுத்தே இருந்தால் மூட்டும் தசையும் இன்னும் விறைக்கும், அதனால் மருத்துவர் தடுக்காதவரை கொஞ்சமாவது நடங்கள். தலைவலிக்கு அடிக்கடி மாத்திரை போடுவதும் ஆபத்து, மாதத்தில் பாதி நாள் போட்டால் மாத்திரையாலேயே தலைவலி வரத் தொடங்கலாம்.

மூன்று மாதத்துக்கு மேல் வலி நீடித்தால் மனநல ஆலோசகரையும் பாருங்கள். போகும்போது அந்த நோட்டை எடுத்துப் போங்கள், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திணற வேண்டியிருக்காது.