எம்டிபி (மவுண்டன் பைக்) வீலுக்கு நல்ல குவிக் ரிலீஸ் எப்படி பாத்து வாங்குறது

போன மாசம் ஃப்ரெண்ட் ஒருத்தன் சைக்கிள கார்ல ஏத்தலாம்னு ஃப்ரண்ட் வீல கழட்ட போனேன், பாத்தா குவிக் ரிலீஸ் (லீவர மடக்கினா வீல இறுக்கிப் பிடிக்கற கம்பி) லீவர மடக்கவே இல்ல, நட்டு மாதிரி சுத்தி சுத்தி டைட் வச்சிருக்கான், அப்படியே இத்தன நாளா மலைல எறங்கிருக்கான், நெனச்சாலே வயித்த கலக்குது. அதான் இந்த பதிவு.

1. மொதல்ல உங்க ஃபோர்க்க (முன் வீல ரெண்டு பக்கமும் பிடிக்கற கவை) பாருங்க. நுனில கீழ்ப்பக்கம் தொறந்த காடி இருந்தா குவிக் ரிலீஸ் இல்லன்னா சாதா நட்டு, சுத்தி மூடின ஓட்டையா இருந்தா த்ரூ ஆக்ஸில், அதாவது ஓட்டை வழியா விட்டு மரைல முறுக்குற தடி அச்சு. காடி ஃபோர்க்ல த்ரூ ஆக்ஸில் ஏறாது, கடைக்காரர் அடாப்டர் இருக்குன்னு சொன்னா அது ஹப்புக்குத்தான் (வீலோட நடுப்பகுதி), ஃபோர்க்குக்கு இல்ல.

2. அளவு. குவிக் ரிலீஸ்னா ஹப் அகலம் பொதுவா முன்னாடி 100 மி.மீ, பின்னாடி 135. த்ரூ ஆக்ஸில்னா (அச்சு தடிமன் × ஹப் அகலம்) முன்னாடி 15×100 இல்ல பூஸ்ட்னு சொல்ற அகலமான 15×110, பின்னாடி 12×142 இல்ல 12×148. இதுல ஒரு வம்பு, 12 மி.மீ ஆக்ஸில்லயே மரை 1.0, 1.5, 1.75னு மூணு விதமா வரும், அதனால பழச கையில எடுத்துட்டே கடைக்கு போங்க. ஏறலன்னா முறுக்காதீங்க, ஃப்ரேம் மரை போச்சுன்னா செலவு எங்கேயோ போயிடும்.

3. எத வாங்குறது? கலர் கலரா, எடை கம்மியா இருக்கறத விட்டுடுங்க. லீவர் சுத்துற கேம் (மடக்கறப்போ இறுக்கம் குடுக்கற உருளை) வெளிய தெரிஞ்சு, கீழ பிளாஸ்டிக் வாஷர் இருந்தா அதுல பிடி கம்மி, சேறும் ஏறும். கேம் உள்ள மூடியிருக்கற மாடல், ஸ்டீல் கம்பி, இதான் என் சாய்ஸ். டிஸ்க் பிரேக் வண்டிக்கு இது ஏன் முக்கியம்னா, காலிப்பர் (டிஸ்க்க கவ்வுற பாகம்) ஃபோர்க்குக்கு பின்னாடி இருக்கு, பிரேக் அடிச்சா முன் ஹப்ப கீழ, அதாவது காடியோட வாய் பக்கமாவே தள்ளும். ஃபோர்க் நுனில இருக்கற சின்ன மேடு அந்த நேரத்துக்குத்தான். கழட்ட ஈஸியா இருக்கட்டும்னு அத ராவி எடுக்கறவங்கள என்ன சொல்ல.

4. மாட்டுறது. கம்பில ரெண்டு பக்கமும் இருக்கற ஸ்பிரிங்கோட குறுகின பக்கம் உள்ள, ஹப்ப பாக்கணும். லீவர டிஸ்க் இல்லாத பக்கம் வைங்க, எறக்கம் எறங்கின டிஸ்க் சூடு ஒரு தடவ பட்டா தெரியும். வீல் காடில நல்லா உக்காந்திருக்கான்னு பாத்துட்டு எதிர்ப்பக்க நட்ட கொஞ்சம் கொஞ்சமா திருகுங்க, லீவர் ஆக்ஸிலுக்கு நேரா நீட்டிட்டு நிக்கறப்பவே இறுக்கம் ஆரம்பிக்கணும், முழுசா மடக்குறப்போ உள்ளங்கைல தடம் விழணும். சும்மா விரலால மடங்கிடுச்சுன்னா லூஸ்.

லீவர் டிஸ்க் பக்கம்தான் இருக்குன்னா, அத முழுசா தொறந்து டிஸ்க்குக்கும் அதுக்கும் நடுவுல ஒரு பென்சில் நுழையுதான்னு பாருங்க. 2015ல ட்ரெக் கம்பெனி சுமார் பத்து லட்சம் சைக்கிள திரும்ப கூப்பிட்டது இதுக்குத்தான், ரொம்ப தூரம் தொறக்கற லீவர் டிஸ்க்ல மாட்டிக்கும்.

த்ரூ ஆக்ஸில்ல வேல கம்மி, மரைல லேசா கிரீஸ் தடவி, அதுமேலயே போட்டிருக்கற டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்கினா முடிஞ்சுது.

5. கெளம்புறதுக்கு முன்னாடி ஹேண்டில்பார தூக்கி டயர மேல இருந்து கையால ஓங்கி ஒரு தட்டு தட்டுங்க. லொடக்குன்னு சத்தம் வந்தா திரும்ப நாலாவதுக்கு போங்க.